பழைய அளவில் தைக்காதீர்கள்: நடுவயது இடுப்புக்கு ஏற்ற உடுப்பு எது?

தஞ்சோங் மாலிம் - தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே தையல் கடைகளில் ஜாக்கெட் துணிகள் குவியத் தொடங்கிவிடும். இந்த வட்டாரத்தில் மட்டுமல்ல, நாட்டில் நம்மவர்கள் வாழும் எல்லா ஊர்களிலும் இதே கதைதான். தையல்காரர் அளவு நாடாவைக் கையில் எடுத்ததும், நாற்பது ஐம்பது வயதைத் தொட்ட பெண்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: "அளவெல்லாம் எடுக்க வேண்டாம்மா, அளவு ஜாக்கெட் கொண்டு வந்திருக்கேன். அதே மாதிரி தைச்சிடுங்க."

அந்த அளவு ஜாக்கெட் எட்டுப் பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஏதோ ஒரு கல்யாணத்துக்குத் தைத்ததாக இருக்கும். தீபாவளிக் காலையில் புது ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தால் கடைசிக் கொக்கி எட்டாது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினால் மேலே ஒரு மடிப்பு, கீழே ஒரு மடிப்பு. கொசுவம் வயிற்றின் மேல் மூட்டை போல நிற்கும். கோயிலுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு போய் வந்ததும் சேலை பீரோவுக்குள் போய்விடும். "எனக்கு இனிமே சேலை சரிப்பட்டு வராது" என்று முடிவு கட்டி, கல்யாணம் காட்சிக்கே போகாமல் ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு. ஆண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இறக்கிக்கொண்டு, சட்டைப் பொத்தான் விரிவதை ஒரு கையால் மறைத்துக்கொள்கிறார்கள்.

இதில் பெரும்பகுதிச் சிரமத்துக்குக் காரணம் பழைய அளவு. உடல் மாறிய பிறகும் அளவை மாற்றாமல் உடுத்துவதால்தான் துணி வயிற்றைக் கூடுதலாக எடுத்துக் காட்டுகிறது. சில அங்குலத் திருத்தங்களால் சேலை, பஞ்சாபி, பாஜு கூரோங், சிலுவார், வேட்டி எதுவானாலும் பாங்காக உடுத்த முடியும்.

இடுப்பு ஏன் மாறுகிறது?

மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிப் பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. அதுவரை இடுப்பின் கீழ்ப்பகுதியிலும் தொடையிலும் சேர்ந்துவந்த கொழுப்பு, அதன் பிறகு வயிற்றுப் பகுதியில் கூடுதலாகச் சேரத் தொடங்குகிறது. எடை பெரிதாக ஏறாவிட்டாலும் உடலின் வடிவம் மாறுவது இதனால்தான். பிள்ளைப்பேற்றின்போது விலகிய வயிற்றுத் தசைகள் சிலருக்கு முழுமையாகச் சேராமலே இருந்துவிடுகின்றன. வயது ஏற ஏற ஆண், பெண் இருபாலருக்கும் தசை குறைகிறது. தெற்காசிய வம்சாவளியினருக்கு, அதே எடையுள்ள ஐரோப்பியர்களைவிட வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் போக்கு அதிகம் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன.

வாழ்க்கை மாறியதும் ஒரு காரணம். பொழுது விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, நூற்றுக்கணக்கான பால்மரங்களை நடந்து நடந்து வெட்டி, பால் வாளியைக் காண்டாக் கம்பில் சுமந்த தலைமுறைக்கு வயிறு வைக்க நேரமில்லை. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிபெயர்ந்தோம். 2003-இல் புரோட்டோன் கார் தொழிற்சாலை வந்த இந்த ஊரில், பாட்டி நடந்த தூரத்தைப் பேத்தி காரில் கடக்கிறாள். சோறும் டீயும் மட்டும் பழைய அளவிலேயே இருக்கின்றன.

ஆகவே நடுவயதில் இடுப்பு மாறுவது ஒருவருடைய சோம்பலுக்குச் சாட்சி என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உடலைத் திட்டிக்கொண்டு உடுத்தும் உடுப்பு ஒருநாளும் நன்றாக அமைவதில்லை.

முதலில் பாவாடை நாடாவைக் கவனியுங்கள்

சேலை சரியாக நிற்கவில்லை என்றால் சேலையைக் குறை சொல்வதற்கு முன் உள்பாவாடையைப் பாருங்கள். வழக்கமான பாவாடையில் மெல்லிய நாடா ஒன்று துணியைச் சுருக்கி இடுப்பைச் சுற்றி இறுக்குகிறது. வயிறு தட்டையாக இருந்த வயதில் அது தெரியாது. இடுப்பு பெருத்த பிறகு அந்த நாடா வயிற்றை இரண்டாகப் பிரிக்கிறது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பட்டைக் கட்டினாலும் அந்தப் பிளவு வெளியே தெரியும்.

இதற்கு மூன்று திருத்தங்கள் உண்டு. ஒன்று, மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளை இணைத்துத் தைத்த பாவாடையைத் தேர்ந்தெடுங்கள். இடுப்பில் சுருக்கம் சேராது. இரண்டு, மூன்று நான்கு விரல் அகலத்துக்குத் தட்டையான பட்டி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மெல்லிய நாடா தரும் அழுத்தம் அகலமான பட்டியில் பரவிவிடும். மூன்று, முடிச்சை முன்பக்கம் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள். முடிச்சின் மேலேயே கொசுவத்தைச் செருகினால் அங்கே ஒரு புடைப்பு தெரியும்.

பட்டியை எங்கே கட்டுவது என்பதும் முக்கியம். வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டினால் வயிறு முழுவதும் சேலைக்கு மேலே வந்து நிற்கும். தொப்புள் மட்டத்தில் கட்டினால் துணி வயிற்றின் மேல் வழுக்கி நேராக விழும்.

இறுக்கம் அழகை மட்டும் கெடுப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நாடா உராய்ந்தால் தோல் கறுத்து, சொரசொரப்பாகி, புண்ணாகும். 2024-இல் 'பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்' மருத்துவ இதழில் இந்தியாவைச் சேர்ந்த இரு மூத்த பெண்களின் நிலை வெளியானது. சேலையைப் பல ஆண்டுகள் இடுப்பில் இறுக்கிக் கட்டிவந்த இருவருக்கும் அந்த இடத்தில் ஆறாத புண் ஏற்பட்டு, அது தோல் புற்றுநோயாக மாறியிருந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டுபவர்களுக்கும் இப்படி வரக்கூடும் என்று இந்திய மருத்துவர்கள் 1945-இலேயே எழுதியிருக்கிறார்கள். இது மிக அரிதான நோய், பயப்படத் தேவையில்லை. ஆனால் நாடாத் தழும்பு நிரந்தரக் கறுப்பாகி அரிப்பெடுத்தால் கட்டும் இடத்தை மாற்றுங்கள், நாடாவைத் தளர்த்துங்கள். அந்த இடத்தில் உள்ள புண் சில வாரங்களில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்கொசுவம் கட்டிய பாட்டிமார்

இன்று எல்லாரும் கட்டும் முறைதான் தொன்றுதொட்டு வந்த முறை என்று பலர் நினைக்கிறார்கள். சேலைக்குள் பாவாடையும் மேலே ஜாக்கெட்டும் அணிந்து, முந்தானையை இடது தோளில் போடும் வழக்கம் இந்தியா முழுவதும் பரவியதில், வங்காளத்து தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவிக்குப் பெரும் பங்குண்டு. 1860-களில் பம்பாயில் வசித்தபோது பார்சிப் பெண்கள் உடுத்துவதைப் பார்த்து அவர் அதை மேற்கொண்டார். அந்தக் கணக்கில் நாடாப் பாவாடைக்கு வயது சுமார் 160 ஆண்டுகள்தான்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் உழைக்கும் பெண்கள் உடுத்தியது பின்கொசுவம். கொசுவம் முழுவதையும் பின்னால் வைத்து, அதன் மேல்நுனியை விசிறிபோல விரித்துவிடுவார்கள். காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கிச் சேலையை அப்படித்தான் கட்டினார்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் அந்தக் கட்டு நாற்று நடவும் களை எடுக்கவும் வசதியாக இருந்தது. நம் பேச்சுக்கு வேண்டிய செய்தியும் அதில் இருக்கிறது. வயிற்றின் மேல் கொசுவ மூட்டையே இல்லை. முன்பக்கம் ஒற்றைத் துணி தட்டையாகச் சுற்றி வருகிறது. பிள்ளை பெற்று, வயிறு தளர்ந்த பெண்ணும் அதை இயல்பாக உடுத்தினாள்.

இன்று எல்லாரும் பின்கொசுவத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதில்லை. வயிற்றின் மேல் சேரும் துணியைக் குறைத்தால் வயிறு குறைவாகத் தெரியும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

கொசுவத்துக்கு ஒரு கணக்கு

சேலையின் நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். அது இடுப்பை ஏறக்குறைய இரண்டு முறை சுற்றுகிறது. முந்தானைக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் தேவை. இடுப்புச் சுற்றளவு 100 சென்டிமீட்டர் உள்ள பெண்ணுக்குச் சுற்றுக்கு 2 மீட்டர் போனால், கொசுவத்துக்கு 1.8 மீட்டர் மிஞ்சும். ஐந்து அங்குல அகலத்தில் ஒரு கொசுவம் மடிக்கப் பத்து அங்குலத் துணி, அதாவது 25 சென்டிமீட்டர் வேண்டும். ஏழு கொசுவம் வரும்.

அதே பெண்ணின் இடுப்பு 120 சென்டிமீட்டர் ஆகும்போது, சுற்றுக்கு 2.4 மீட்டர் போய்விடும். கொசுவத்துக்கு மிஞ்சுவது 1.4 மீட்டர். ஐந்து கொசுவம்தான் வரும். இதை அறியாமல் பழைய பழக்கத்தில் ஏழு கொசுவம் மடித்தால் முந்தானை குட்டையாகும், அல்லது சுற்று இறுகி நடக்க முடியாமல் போகும். ஏழு கொசுவம் என்றால் பதினான்கு அடுக்குத் துணி. கனமான காஞ்சிப் பட்டில் அது வயிற்றின் மேல் ஒரு தலையணையே ஆகிவிடும். ஐந்து கொசுவம் போதும்.

மடித்த கொசுவத்தைத் தொப்புளுக்கு நேராகச் செருகாமல் இரண்டு விரல் இடப்பக்கம் தள்ளிச் செருகினால், வயிற்றின் மிக உயர்ந்த இடத்தில் துணி சேராது. இரண்டு அங்குலத்துக்கு மேல் உள்ளே செருக வேண்டாம். முதல் நாளே கொசுவத்தை மடித்து இஸ்திரி போட்டு, ஊக்கு குத்தி வைத்துக்கொண்டால் காலையில் அவசரப்பட வேண்டியதில்லை. கொசுவத்தின் மேல்நுனியில் ஒன்று, தொடை மட்டத்தில் உட்புறமாக ஒன்று என இரண்டு ஊக்குகள் போதும்.

முந்தானையை மெல்லியதாக மடித்துத் தோளில் குத்தினால் வயிற்றின் பக்கவாட்டு முழுவதும் வெளியே தெரியும். ஐந்து ஆறு அங்குல அகலத்துக்கு மடித்து, வயிற்றின் குறுக்கே சாய்வாக இழுத்துக் குத்தினால் பார்ப்பவர் கண் அந்தச் சாய்கோட்டைப் பின்பற்றி மேலே போகும். வீட்டு நிகழ்ச்சிகளில் ஒற்றை முந்தானையாக விடுவதும் அழகுதான். சமையல் வேலை, பந்தி பரிமாறும் வேலை இருந்தால் மடித்துக் குத்துவதே வசதி.

ஜாக்கெட்: நீளத்தைக் கேட்டு வாங்குங்கள்

இடுப்பு மாறும்போது மார்பளவும் மாறுகிறது. மார்பு பெருக்கும்போது முன்பக்கத் துணியை அது எடுத்துக்கொள்வதால், பழைய நீளத்தில் தைத்த ஜாக்கெட் மேலே ஏறிக்கொள்ளும். முன்பு 13 அங்குலம் போட்டவர்களுக்கு இப்போது 14½ அல்லது 15 தேவைப்படலாம். முன்பக்க நீளத்தைத் தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டி விலா எலும்பின் மேல் தட்டையாக உட்கார வேண்டும். இரண்டு விரல் உள்ளே நுழையும் தளர்வு இருந்தால் முதுகில் சதை பிதுங்காது.

கையளவும் கவனிக்க வேண்டியது. மேற்கை பருத்தவர்கள் குட்டைக் கையை இறுக்கமாகத் தைத்தால் கையும் வயிறும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கை பெரும்பாலோருக்குப் பொருந்துகிறது. ஆனால் சேலையோடு வரும் ஜாக்கெட் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான். பெரிய அளவுக்கும் நீளக் கைக்கும் அது பற்றாது. நிறம் பொருந்தும் துணி வாங்கி முதுகுப்பக்கத்துக்குக் கொடுங்கள். முந்தானை மறைக்கும் இடம் அது.

தைக்கக் கொடுக்கும்போதே இருபக்கமும் ஒன்றரை அங்குலம் உள்தையல் விடச் சொல்வது நல்லது. அடுத்த ஆண்டு பிரித்துவிடலாம். பழைய பட்டு ஜாக்கெட்டில் பிரித்துவிட இடமில்லை என்றால், சேலையின் உள்ளே செருகும் முனையிலிருந்து நான்கு விரல் அகலம் வெட்டி, அக்குளிலிருந்து கீழ்வரை பக்கப்பட்டியாக இணைக்கலாம். கையைத் தூக்கினால்தான் அது தெரியும். தாய் வாங்கிக் கொடுத்த கூறைப்பட்டின் ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுவதைவிட இது நல்ல வழி.

துணியும் கோடும்

கஞ்சி போட்ட பருத்தி உடலைவிட்டு விலகி விடைத்து நிற்கும். இளைத்தவர்களுக்கு அது கம்பீரம், பருத்தவர்களை மேலும் பருமனாகக் காட்டும். கிரேப், ஜார்ஜெட், மென்பட்டு, பலமுறை துவைத்து மெத்தென்றான பருத்தி ஆகியவை உடலோடு விழும். ஆனால் இந்த நாட்டு வெயிலில் செயற்கை இழை வியர்வையோடு வயிற்றில் ஒட்டிக்கொள்ளும். பகல் நிகழ்ச்சிக்கு மெல்லிய பருத்தி, இரவு விருந்துக்கு மற்றவை என்று பிரித்துக்கொள்வது வசதி. அகலமான கரையைவிட நடுத்தரக் கரை உயரமாகக் காட்டும். ஜாக்கெட், சேலை இரண்டும் ஒரே நிறக் குடும்பமாக இருந்தால் இடுப்பில் கோடு கிழித்தது போன்ற பிரிவு தெரியாது.

"கிடைக்கோடு போட்டால் குண்டாகத் தெரியும்" என்பது எல்லாரும் நம்புகிற விதி. உண்மை அவ்வளவு எளிதல்ல. ஒரே அளவுள்ள இரண்டு சதுரங்களில் கிடைக்கோடுகள் நிரப்பிய சதுரமே கூடுதல் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் எழுதினார். 2011-இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெண் உருவங்களை வைத்துச் சோதித்தபோதும், கிடைக்கோடு பருமனாகக் காட்டவில்லை என்றே தெரியவந்தது. எனவே கோட்டுக்குப் பயந்து பிடித்த சேலையை ஒதுக்காதீர்கள். கோட்டைவிட அளவும் துணியின் விழுகையும்தான் முக்கியம்.

பஞ்சாபி உடையும் பாஜு கூரோங்கும்

பஞ்சாபி உடையில் பலர் செய்யும் தவறு, வயிறு தெரியக்கூடாது என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவது. அப்போது தோள் இறங்கி, கூடாரம் போர்த்தியது போல ஆகிவிடும். தோளுக்குப் பொருந்தும் அளவை வாங்குங்கள். மார்புக்குக் கீழிருந்து மெல்ல விரியும் வெட்டாக இருக்கட்டும். பக்கவாட்டுத் திறப்பு வயிற்று மட்டத்தில் தொடங்கினால், உட்காரும்போது விரிந்து வயிற்றைக் காட்டும். இடுப்பெலும்புக்குக் கீழே தொடங்கும்படி இரண்டு அங்குலம் தைத்துவிடுங்கள். முழங்கால் வரை நீளம் இருப்பது நல்லது. துப்பட்டாவை இரு தோளிலும் நேராகத் தொங்கவிட்டால் நீளவாட்டில் இரண்டு கோடுகள் கிடைக்கும்.

அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் வேலை பார்க்கும் நம் பெண்கள் பலர் பாஜு கூரோங் அணிகிறார்கள். நடுவயது உடலுக்கு அது ஏன் எளிதாகப் பொருந்துகிறது என்பதற்கு அதன் வெட்டிலேயே விடை இருக்கிறது. பக்கவாட்டில் 'பெசாக்' என்னும் விரியும் துண்டுகளும் அக்குளில் 'கெக்கெக்' என்னும் சிறு சதுரத் துண்டும் வைத்துத் தைப்பதால், துணி எங்கும் இழுபடாமல் தோளிலிருந்து நேராக விழுகிறது. இடுப்பில் பிடித்துத் தைக்கும் புதுப்பாணி கூரோங்கில் இந்த வசதி போய்விடும். பழைய வெட்டையே கேட்டுத் தையுங்கள்.

துணி தேட வெளியூர் போக நினைப்பவர்களுக்கு, தஞ்சோங் மாலிமில் கேடிஎம் கொமுட்டர் ஏறினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கேஎல் சென்ட்ரலும், லிட்டில் இந்தியா இருக்கும் கிள்ளானும் ஒரே தடத்தில் இருக்கின்றன. பழைய அளவு ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகாமல், அன்று காலையில் எடுத்த புது அளவைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள்.

ஆண்களுக்கும் உண்டு

சிலுவாரை வயிற்றுக்குக் கீழே அணிந்தால் இடுப்பளவு பழையதாகவே இருக்கும், மனத்துக்கு ஆறுதல். ஆனால் சட்டை வெளியே வரும், பின்பக்கம் தொங்கும், கால்நீளம் தரையைத் துடைக்கும், வயிறு இன்னும் முன்னே தள்ளித் தெரியும். தொப்புள் மட்டத்தில் நிற்கும், முன்மடிப்பு வைத்த சிலுவாரைத் தைத்துக்கொள்வதே சரி. இடுப்பெண் கூடுவதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அந்த எண் வெளியே தெரியப்போவதில்லை.

சட்டைக்குத் தோள் அளவே முதல் அளவு. வயிற்றுக்காகப் பெரிய சட்டை வாங்கித் தோள் தொங்குவதைவிட, தோளுக்குப் பொருந்தும் சட்டையின் பக்கத்தையலைப் பிரித்துவிடலாம், அல்லது தைத்துக்கொள்ளலாம். நேர்க்கரை வைத்து வெளியே விட்டு அணியும் பத்தேக் சட்டை இந்த நாடு நமக்குக் கொடுத்த நல்ல வசதி. நீளக்கைப் பத்தேக் விருந்து நிகழ்ச்சிக்கும் மரியாதையான உடையே. வேட்டி கட்டும்போது மேல்விளிம்பைத் தடியாகச் சுருட்டி, அதற்கு மேல் பெல்ட்டும் போட்டால் வயிற்றில் ஒரு வளையம் கூடும். தட்டையாக மடித்துச் செருகுங்கள். ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் உதவும். ஜிப்பா தொடையின் நடுப்பகுதி வரை வரட்டும்.

இறுக்கும் உள்ளாடை தேவையா?

வயிற்றை உள்ளே தள்ளும் உள்ளாடைகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. ஓரிரு மணி நேர நிகழ்ச்சிக்கு, சரியான அளவில் அணிந்தால் கெடுதல் இல்லை. ஓர் அளவு சிறிதாக வாங்கி நாள் முழுக்க அணிந்தால் நெஞ்செரிச்சல், மூச்சுத் திணறல், தொடையின் வெளிப்பக்கத்தில் மரத்துப்போதல் ஆகியவை வரலாம். அணிந்து, உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்துப் பாருங்கள். முடியவில்லை என்றால் அது உங்களுக்கு ஏற்றதல்ல.

எந்த உடுப்பையும் கண்ணாடி முன் நின்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள். கல்யாண வீட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்துதான் இருக்கப் போகிறோம். வீட்டிலேயே நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து, படி ஏறிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொன்னால் கொசுவம் தள்ளி நிற்கிறதா என்று தெரிந்துவிடும்.

அதே நாடா சொல்லும் இன்னொரு செய்தி

தையல்காரர் அளந்து சொல்லும் எண்ணை ஜாக்கெட்டோடு மறந்துவிட வேண்டாம். ஆசிய மக்களுக்கான மருத்துவ அளவுகோலின்படி, பெண்ணின் வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டரையும், ஆணின் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் தொட்டால் எச்சரிக்கை தேவை. அங்குலத்தில் சொன்னால் முறையே முப்பத்தொன்றரை, முப்பத்தைந்தரை. நேராக நின்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவை வைத்து, இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் அளவு பொய் சொல்லும். சிலுவார் அளவு இதற்கு ஈடாகாது.

2019-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கூடுதல் எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். இந்தியர்களிடையே இது 63.9 விழுக்காடு. இனிப்புநீர் நாடளவில் 18.3 விழுக்காடாக இருக்க, இந்தியர்களிடையே 31.4 விழுக்காடாக இருந்தது. நம்மில் ஏறக்குறைய மூவரில் ஒருவர். வயிற்றுக்குள் சேரும் கொழுப்புக்கும் இனிப்புநீருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அளவு எல்லையைத் தாண்டியிருந்தால் இரத்தத்தில் சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் அரசு சுகாதார கிளினிக்கில் பார்த்துக்கொள்வது நல்லது. அரசு உதவித்தொகை பெறும் பி40 குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, 2019-இல் தொடங்கிய 'பெக்கா பி40' திட்டத்தின் கீழ் இலவசப் பரிசோதனை உண்டு. பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம்.

இன்னொன்றும் உண்டு. வயிறு சில வாரங்களுக்குள் திடீரென்று பெருத்தாலோ, ஓயாத உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுதல், அடிவயிற்று வலி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு ஆகியவை சேர்ந்தாலோ, அதை வயதின் மேல் பழிபோட்டுச் சேலைக்குள் மறைக்காதீர்கள். கருப்பைக் கட்டி, சூலகக் கோளாறு, கல்லீரல் நோய் போன்றவை இப்படியும் காட்டிக்கொள்ளும். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

நாக்கும் கொஞ்சம் அடங்கட்டும்

உடுத்துபவர்கள் இவ்வளவு செய்தாலும், மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்று மிஞ்சுகிறது. நம் கல்யாண வீடுகளில் பல நாள் பார்க்காத உறவினரைக் கண்டதும் "என்னம்மா, இப்படிக் குண்டாயிட்டே?" என்பதே முதல் விசாரிப்பாக இருக்கிறது. நாற்பத்தைந்து வயதுப் பெண்ணிடம் "விசேஷமா?" என்று கேட்டுவிடுபவர்களும் உண்டு. அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அடுத்த கல்யாணப் பத்திரிகைக்கு "உடம்பு சரியில்லை" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் அக்காமார், அத்தைமார் எத்தனையோ பேர். "நல்லா இருக்கீங்களா, சேலை அழகா இருக்கு" என்று தொடங்குவதில் யாருக்கும் நட்டமில்லை.

வரும் பண்டிகைக்குத் துணி கொடுக்கப் போகும்போது அளவு ஜாக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கையை லேசாகத் தூக்கி, மூச்சை இயல்பாக விட்டு, இன்றைய உடலை இன்றைய அளவில் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். தையலுக்கும் அது வேண்டும், கிளினிக்குக்குப் போகும்போதும் உதவும்.